போர்டில் ஏறிய கொடி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இல்லாத படிப்பு இல்லை. மேல்மாடியில் அண்டம் எப்படி உண்டானது என்று யோசிப்பார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கொடி ஏன் பூக்க மாட்டேன் என்கிறது என்று நான் யோசிப்பேன். நடுமாடியில் இருப்பவர்கள் எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று கேள்வி.

நான் வெப்பமண்டலத் தாவரவியல் துறை. துறையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனதில் துறை என்று மிஞ்சியதே நான்தான். கூடவே ஒரு கண்ணாடி வீடு, அலமாரி அலமாரியாக உலர்ந்த செடிகள், தொட்டியில் உயிரோடு ஒரு கொடி. அதன் விதையை, என் தலையில் முடி இருந்த காலத்தில், ஒரு மழைக்காட்டில் அட்டைக்கடி பட்டுப் பொறுக்கி வந்தேன். முளைத்தது, வளர்ந்தது, இலை விட்டது. பூக்க மட்டும் இல்லை. பூவைப் பார்க்காமல் ஒரு செடிக்கு இன்னது என்று பேர் வைக்க முடியாது. அதனால் இத்தனை வருடமாக அந்தத் தொட்டியில் "தெரியாதது" என்ற அட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "பார்க்கலாம்". எதைக் கேட்டாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும்.

"கொடிக்குப் பேர் வெச்சு இந்த வருஷத்துக்குள்ள ஒரு கட்டுரை வந்தா துறை இருக்கும். இல்லேன்னா அலமாரியெல்லாம் கிடங்குக்குப் போயிடும், உங்களை நடுமாடில சேர்த்துடுவாங்க," என்றார்.

"அங்க போய் நான் என்ன சார் பண்றது?"

"அங்க இருக்கறவங்களும் அதைத்தான் கேட்கறாங்க. பார்க்கலாம்."

எரு மாற்றியாயிற்று, மண் மாற்றியாயிற்று, ஆத்திரம் தாங்காமல் திட்டியும் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது ஒரே வழி. கொடியின் முனையைக் கிள்ள வேண்டும். முனை போனால் பக்கத்தில் கிளை விடும், பக்கக் கிளையில் மொட்டு வரலாம். ஒற்றைத் தண்டு என்பதால் பட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் இத்தனை நாள் அதைச் செய்யாமல் இருந்தேன். இந்த மழைக்காலம் முடிவதற்குள் கிள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். செய்த கையோடு ஒரு மரக்கிளை முறிந்து கண்ணாடி வீட்டின் கூரையை உடைத்தது. கொடிக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

நிலையத்தில் வெயில் நன்றாக வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேல்மாடியில், என் மச்சான் அறையில்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோட்பாட்டு இயற்பியல் துறைக்குத் தலைவன். நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டபோது, "இவன் எதைப் பார்த்தாலும் எண்ணுவான், உனக்குப் பரவாயில்லையா?" என்று அவளிடம் கேட்டான், அதைத் தவிர அவன் தரப்பில் ஆட்சேபம் இல்லை. அவனோ எதையும் பார்க்க மாட்டான். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, தங்கை வீட்டில் இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போனவன்.

"தொட்டியை உன் ஜன்னல்கிட்ட வெச்சுக்கட்டுமா மச்சான்?"

"தாராளமா வை மாப்ளே. அங்க ஒரு ஜன்னல் இருக்கா?"

அவன் பார்த்தது முழுக்க எதிர்ச்சுவரில் இருந்த போர்டைத்தான். அதில் ஒரு சமன்பாடு பல வருடங்களாக நின்றுகொண்டிருந்தது. அண்டத்தில் உள்ளதெல்லாம் இடது பக்கம், அது எதனால் உண்டானதோ அதெல்லாம் வலது பக்கம். கணக்குப்படி இரண்டும் சமமாக வேண்டும். ஆகவில்லை. இடது பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என்ன செய்தாலும் அந்த மிச்சம் போகவில்லை. போர்டின் மூலையில் "அழிக்காதே" என்று எழுதியிருந்தான்.

மேல்மாடியில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையை நான் சொல்லியாக வேண்டும். "அழிக்காதே" என்று எழுதிய போர்டில் இருப்பதை, எழுதியவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. எந்தக் கோடு யார் கையால் வந்ததோ அந்தக் கைதான் அதை அழிக்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டால்கூட அவர் எழுதிய ஒரு கழித்தல் குறி அப்படியே நிற்கும், அதைச் சுற்றி மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள்கூடப் போர்டைக் கழற்றாமல் சுற்றிலும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து மச்சானுக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தான். ஜன்னல் வெயிலில் என் கொடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவரோடு ஓடிப் போர்டின் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஒரு பற்றுக்கம்பியை, அதாவது கொடிகள் எதையாவது பிடித்து ஏற விடுகிற சுருள் இழையை, கீழே இறக்கிச் சமக்குறிக்குப் பக்கத்தில் ஒட்டிப் படுக்கவைத்தது. பல வருடத்துச் சாக்பீஸ் தூள் அதன் மேல் படிந்து, பச்சை தெரியாமல் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது.

காய்ச்சல் தேறி வந்த மச்சான் போர்டைப் பார்த்தான். வலது பக்கத்தில் புதிதாக ஒரு சுழி. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டான். இரண்டு பக்கமும் சமமாக வந்தது.

அன்று பகலில் நான் தண்ணீர் ஊற்றப் போனபோது அறையில் நிற்க இடமில்லை. இயற்பியல் துறை மொத்தமும் போர்டுக்கு முன்னால் நின்று என் கொடியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது.

"அது கொடி," என்றேன்.

"அதுக்குள்ள பேரும் வெச்சாச்சா? பரவாயில்லையே," என்றார் ஒரு தாடிக்காரர். "கொடி"யைத் தலைப்பாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

"யோவ், அது செடிய்யா. தொட்டியிலேருந்து வருது, பாருங்க."

எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அதில் இருந்தது கோபம்கூட இல்லை, இரக்கம்.

மச்சான் விசாரித்திருந்தான். அவன் படுத்திருந்த வாரத்தில் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து இந்த மாடியில் உலாவிவிட்டுப் போயிருக்கிறார். உலகமே மதிக்கிற ஆள். இங்கே எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர்தான் எழுதியிருக்க வேண்டும். போன் போட்டு, "நீங்க எழுதினதா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை இப்ப சொல்றது சரியா இருக்காது," என்றாராம். அந்த அளவுக்கு உயரம் போனவர்கள் நல்ல விஷயம் எதையும் தாங்கள் செய்யவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அவர்தான் எழுதினார் என்று ஆகிவிட்டது.

எனக்கு உள்ளூர இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. நான் கிள்ள வேண்டிய கணு, அந்தப் பற்றுக்கம்பி கிளம்புகிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. கிள்ளினால் கம்பி காய்ந்து உதிரும். அப்புறம் அண்டம் சமனாகாது. மச்சானிடம் கேட்டதற்கு, தொடவே கூடாது என்றான்.

கொடி வளர்ந்துகொண்டே போனது. ஒரு சுருள் கூடினால் மேல்மாடியில் ஒரு திருத்தம் வெளியானது. பிறகு பற்றுக்கம்பியின் நுனி மேலே திரும்பி, போர்டு தொங்கிய ஆணியை எட்டிப் பிடித்தது. பிடித்ததும் நடுவிலிருந்து ஒரு பாதி வலப்பக்கமும் மறுபாதி இடப்பக்கமும் முறுக்கிக்கொண்டது. அண்டம் பாதி வழியில் திரும்புகிறது என்று மேல்மாடியில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

"எல்லாப் பற்றுக்கம்பியும் அப்படித்தான்யா சுருளும்," என்று நான் தாடிக்காரரிடம் மன்றாடினேன். "ரெண்டு நுனியும் பிடிபட்டுப் போச்சுன்னா ஒரே பக்கமா முறுக்க முடியாது. அதனால பாதி இப்படி, பாதி அப்படி."

தாடிக்காரர் முகம் மாறியது. "அப்படின்னா அண்டமும் ரெண்டு நுனியிலயும் எதையோ பிடிச்சிட்டு இருக்கு," என்று சொல்லி எழுதிக்கொண்டார். அன்றோடு அவர்களுக்குப் புத்தி சொல்வதை நிறுத்தினேன்.

வீட்டில் நானும் மச்சானும் பேசிக்கொள்வது குறைந்தது. என் மனைவி பல் மருத்துவர். வாயைத் திறக்காதவர்களைத் திறக்க வைப்பது அவள் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"என்ன பிரச்சனை, ஒருத்தராவது சொல்லுங்க."

"உங்க அண்ணன் என் கொடியை வெட்ட விடமாட்டேங்கறான்."

"உன் வீட்டுக்காரர் என் சமன்பாட்டை வெட்டணும்னு நிக்கறார்."

"ஒரே பொருளையா சொல்றீங்க ரெண்டு பேரும்?"

"இல்ல," என்றோம் இருவரும் ஒன்றாக.

"நான் வேணா வந்து பிடுங்கிடட்டுமா? வலிக்காம பிடுங்குவேன்," என்றாள். நாங்கள் இருவரும் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

மழை குறைந்துகொண்டு வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போனேன். அறையில் மச்சான் மட்டும் இருந்தான். போர்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் சாக்பீஸோடு தூங்கிப்போயிருந்தான். தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். படிக்கிற காலத்தில் பரீட்சை முடிந்த அன்று இப்படித் தூங்குவான். அதற்குப் பிறகு இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, அந்தத் தூக்கத்தைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. கத்தரிக்கோலைப் பையிலேயே வைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எரிச்சலில் சில நாள் மேலே போகவே இல்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. மனசு கேட்காமல் பதறிக்கொண்டு ஓடிப் பார்த்தால் இலைகள் தளதளவென்று இருந்தன. தொட்டி மண் ஈரமாக இருந்தது. மச்சான் மேஜையில் அவன் குடிக்கிற தண்ணீர் பாட்டில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"தண்ணி யாரு ஊத்தினது?"

"தெரியலையே," என்றான் போர்டைப் பார்த்துக்கொண்டே. காது மட்டும் சிவந்திருந்தது.

வேறு வழியில்லாமல் இயக்குநரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் பார்க்கலாம் என்று அதை மதிப்பீட்டுக் குழுவின் தலையில் கட்டினார். குழு வந்தது. குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியவர்தான்.

மச்சான் அறையிலேயே விசாரணை. நான் என் பக்கத்தைச் சொன்னேன். மழை முடிவதற்குள் கிள்ளாவிட்டால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் துறை இல்லை. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "போர்டுல அழிக்காதேன்னு இருக்கு. எழுதினவர் சம்மதிச்சா வெட்டலாம்," என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

அப்போது மச்சான் எழுந்தான்.

"ஐயா எழுதலை. எழுதினது கொடிதான். வாடினப்ப சுழி தொங்கிப் போச்சு. தண்ணி ஊத்தினேன், நிமிர்ந்துச்சு. மாப்ளே சொன்னது அத்தனையும் நிஜம். அவர் வெட்டிக்கட்டும்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் வாழ்நாளில் கணக்கு சமனானது ஒரே ஒரு தடவை. அதை என் தொட்டிக்காக எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போர்டை நோக்கி நடந்தேன்.

"நில்லுங்க," என்றார் பெரியவர். "கொடியோட பங்கை நான் என்னிக்கும் மறுத்ததில்லை. அதனாலதான் அப்ப ஒண்ணும் சொல்லலை. எழுதினது கொடின்னா, அழிக்கற உரிமையும் கொடிக்குத்தான். உங்களுக்கு ஏது?"

குழு ஒரு மனதாகத் தலையாட்டியது. மத்தியான இடைவேளைக்குள் தீர்ப்பு வந்தது. அண்டம் உண்டானதில் முக்கியமான உறுப்பைக் கண்டுபிடித்ததற்காகக் கொடி கோட்பாட்டு இயற்பியல் துறையில் பேராசிரியராக நியமிக்கப்படுகிறது. தாவரவியல் துறையில் இருந்த ஒரே உயிருள்ள செடி இடம் மாறிவிட்டதால் அந்தத் துறை தேவைதானா என்பதை வருடக் கடைசியில் முடிவு செய்யலாம். பேராசிரியர் மேல் யாரும் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது.

"சார், இது அநியாயம்," என்றேன் இயக்குநரிடம்.

"பார்க்கலாம்," என்றார்.

கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். துறைக் கூட்டங்களுக்கு அழைப்பு தொட்டியில் செருகப்பட்டது. பேராசிரியர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்காததால் அவருக்கு நல்ல பெயர். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது: பேராசிரியருக்குத் தண்ணீர் ஊற்றுவது. மச்சானும் நானும் தினமும் அந்த அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவன் கைக்கு வந்த சமன்பாடு அவனுடையது இல்லை, நான் வளர்த்த கொடி என்னுடையது இல்லை. பேச விஷயம் நிறைய இருந்தது.

மழைக்காலத்தின் கடைசி வாரம், பெரியவர் அந்தச் சுழியைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வந்தார். அறை நிரம்பி வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். பற்றுக்கம்பி இதற்குள் நன்றாக முறுகி, தடித்து, கட்டைபோல் ஆகியிருந்தது. முறுக முறுக அது குறுகும். குறுகினால் பிடித்ததை இழுக்கும். அது பிடித்திருந்தது ஆணியை. போர்டைக் கழற்றக் கூடாது என்பதால் அந்த ஆணியையும் இத்தனை வருடமாக யாரும் தொட்டிருக்கவில்லை.

"எழுதினவர் மட்டும்தான் அழிக்கணும்ங்கற இந்த மரபு எவ்வளவு ஆழமானதுன்னா," என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆணி சுவரைவிட்டுக் கழன்று வந்தது. போர்டு அவர் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்து உடைந்தது. அதோடு கொடியின் முனையும் ஒடிந்து போயிற்று. நான் கிள்ள நினைத்த அதே கணுவில்.

தூசி அடங்கியது. பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எழுதினவரே அழிச்சுட்டார். முறைப்படி சரி," என்றார். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"பார்த்தாச்சு," என்றார் அவர். அன்று ஒரு நாள்தான் அவர் பேச்சு வேறு வார்த்தையில் முடிந்தது.

என் மனசு துள்ளியது, மறைப்பானேன். ஆனால் மச்சான் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வலது பக்கம் முழுக்கத் தூள். இடது பக்கம் மட்டும் ஒரே துண்டாக, ஒரு எழுத்தும் கெடாமல் அவன் மடியில் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் தூளை அள்ளிக் குவித்தேன்.

கொடி பட்டுப்போகவில்லை. கணுவுக்குக் கணு கிளை விட்டது, மொட்டு வைத்தது. ஒரு நாள் காலையில் வெள்ளையாகப் பூத்தது. இதற்காகத்தான் என் முடியெல்லாம் உதிர்ந்தது. நான் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்தேன். ஐந்து இதழ், ஒழுங்கான வட்டம். வரைந்து முடிக்கும்போது உற்சாகம் வடிந்துவிட்டது. இந்தச் சாடையில் ஐந்து இதழோடு ஏற்கெனவே ஊர்ப்பட்ட கொடிகள் உண்டு. பேர் வைத்தவர்கள் எல்லாம் வைத்து முடித்துப் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள். அலமாரிகள் கிடங்குக்குப் போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

மச்சான் பின்னால் வந்து நின்றான். நான் அறிந்து அவன் ஒரு பூவை நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இடது பக்கம் ஒண்ணு மிச்சம் இருக்கே மாப்ளே."

"எது?"

"இதோ, மெலிசா."

"அது சும்மா. ஏதோ பூச்சி கடிச்சு இதழ் கிழிஞ்சிருக்கு. இந்தக் குடும்பத்துல அஞ்சுதான் இருக்கும்."

"அப்ப அந்தப் பூவுலயும் கடிச்சிருக்கா? அதே இடத்துல?"

நான் லென்ஸை எடுத்து அடுத்த பூவைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். எல்லாப் பூவிலும், இடது ஓரத்தில், நூல் மாதிரி ஆறாவதாக ஓர் இதழ். இலையில் நரம்பைக்கூட எண்ணுகிறவன் நான். இந்தப் பூவை எண்ணவே இல்லை. ஐந்துதான் இருக்கும் என்று தெரிந்ததால் ஐந்தை வரைந்திருக்கிறேன். உலகத்தில் எந்த அலமாரியிலும் இப்படி ஒரு பூ கிடையாது.

"மச்சான், உனக்கு எப்படிடா இது கண்ணுல பட்டுச்சு?"

"இத்தனை வருஷமா இடது பக்கத்து மிச்சத்தை மட்டும்தானே பார்த்துட்டு இருக்கேன்," என்றான்.

கட்டுரை வெளிவந்தது. துறையை மூட வேண்டாம் என்று முடிவாயிற்று. பேராசிரியர் பூத்துவிட்டதால் இயற்பியலுக்கு ஏற்றவரல்ல என்று பெரியவர் அபிப்பிராயப்பட, கொடி என்னிடமே திரும்பியது. அதற்கு மச்சானின் பெயரை வைத்தேன். பெயர் வைத்த அன்று தொட்டியிலிருந்து "தெரியாதது" என்ற பழைய அட்டையைக் கழற்றினேன்.

"அதைத் தூக்கிப் போட்டுடாதே, என்கிட்ட கொடு," என்று மச்சான் வாங்கிக்கொண்டான்.

அவன் அறையில் புது போர்டு வந்திருந்தது. இடது பக்கத்தை எழுதியிருந்தான், பழைய மிச்சத்தோடு. சமக்குறி போட்டிருந்தான். வலது பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அந்த அட்டையை அதில் மாட்டினான். தள்ளி நின்று பார்த்தான். பிறகு மூலையில் "அழிக்காதே" என்று எழுதினான்.

கண்ணாடி வீட்டின் கூரை சரியாகிவிட்டதால் நான் கொடியை எடுத்துப் போகத்தான் வந்திருந்தேன். மச்சான் குனிந்து, தொட்டியைத் தானே இழுத்து, போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

"இது இங்கயே இருக்கட்டும். நீ தினமும் வந்து தண்ணி ஊத்து," என்றான்.